பிரபு ஓத்மாரைப் புதுப்பித்த பால்வண்டிக்காரர்

லைல் டுஃபெக்கை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் தன் பால் லாரியின் படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் மூடிக்குள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பிளிமத் ஊருக்குப் பக்கத்துச் சீஸ் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. லாரி வந்து நின்றதும் மாதிரி எடுத்துக்கொண்டு போவேன். மாட்டுக்குப் போட்ட ஊசிமருந்து எதுவும் பாலில் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் குழாயை மாட்டுவார்கள். அதுவரை ஓட்டுநர்களுக்கு வேலையில்லை. மற்றவர்கள் போனை நோண்டுவார்கள், அல்லது கால்பந்து பேசுவார்கள். இவர் மட்டும் எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பால் சரியா இருக்குங்க," என்றேன்.

"அது எனக்கே தெரியும்," என்றார், நிமிராமல். "நீ இதுக்கு முன்னாடி காட்டேரி எதையாவது கொன்னிருக்கியா?"

பால்வளத் தொழில்நுட்பத்தில் பட்டம், அதன்மேல் மேடிசனில் இன்னொரு பட்டம் என்று படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வரவில்லை.

"எங்க வம்சத்துலயே காலேஜுக்குப் போன மொத ஆளு நாந்தாங்க. அதுக்கே நேரம் சரியாப் போச்சு."

இப்போது நிமிர்ந்தார். "அப்போ சவப்பெட்டி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது?"

"எந்தச் சவப்பெட்டி?"

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இந்த ஜில்லாவுலயே எனக்கு வேண்டிய ஆளு நீதான். உம் பேரு என்ன?"

"பேச்சிமுத்து."

"பேச்சி. சனிக்கிழமை என்ன பண்ற?"

அப்படித்தான் நான் அவர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் கதவைத் திறக்கிறேன், நான் வாளை உருவுகிறேன் என்று சொல்ல வேண்டும். வாள் பட்டதா படவில்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். சீஸ் மாதிரி இதுவும் விஸ்கான்சின் சரக்குதான் என்று இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

லைலுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரிய உருவம், சின்னக் குரல். விடிவதற்கு முன்னால் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பண்ணனும்னுதான் இருந்தேன், வண்டிய எங்க நிறுத்தறதுன்னு தெரியல," என்பார். ஒரு கண்ணாடியை உடைத்துவிட்டு வாங்கிய இன்னொரு கண்ணாடி, ஒரு சட்டை கிழிந்ததும் வாங்கிய அதே மாதிரி இன்னொரு சட்டை என்று பெரிய மாற்றமில்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை.

அந்த வாழ்க்கையில் ஓர் ஆடம்பரம் உண்டு. பதினைந்து வயதில் ஒரு காட்டேரிக் கதையை வாங்கினார். படிப்பதற்கான கதை இல்லை, ஆடுவதற்கான கதை. மலைமேல் ஒரு கோட்டை, கோட்டை நிறைய அறைகள், மின்னல், வௌவால், கறுப்புச் சால்வை போர்த்திய பிரபு ஓத்மார், நிலவறையில் அவர் பகலில் படுத்துறங்கும் சவப்பெட்டி. ஆட்டக்காரர்கள் கோட்டைக்குள் போய்ச் சவப்பெட்டியைத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பவரை முடித்துவிட்டு வர வேண்டும். முதல்முறை இதை ஆடியபோது லைலும் அவருடைய பள்ளித் தோழர்கள் இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடிவிட்டார்களாம்.

அந்த இருவர் கொரின், ஆர்லோ. கொரின் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். நம்மை வாயைத் திறக்க வைத்து, உள்ளே கருவியை விட்டபிறகு கேள்வி கேட்பார். மேசையிலும் அதே கறார்தான். ஆர்லோ இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். அவர் போடும் பிராட்வர்ஸ்ட் சாசேஜுக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள். அவர் காலை யாராவது மிதித்துவிட்டால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

இருவருக்கும் பள்ளிக் காலத்திலிருந்து அதே பாத்திரங்கள். கொரினுடையது புரூனா என்ற வாள்வீராங்கனை. ஆர்லோவுடையது பாதிரியார் பென். விதிப்புத்தகம் புதிதாக வரும்போதெல்லாம் பழைய ஆட்களைப் புதுக் கணக்குக்கு மாற்றி, கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வோர் அக்டோபரும் ஓத்மார் எப்படியோ உயிர்த்தெழுவார். இவர்கள் போய்க் கொல்வார்கள். காட்டேரி என்றால் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டை அவர்களுக்குச் சொந்த வீட்டுக் குளியலறை மாதிரி ஆகிவிட்டது. நான் வருவதற்கு முந்தைய அக்டோபரில், லைல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இடிமுழக்கத்தை வர்ணிக்க ஆரம்பித்ததுமே கொரின் சொல்லியிருக்கிறார்: "கீழ்த்தளம். மூணாவது வளைவு. இடது பக்கம் கம்பிக்கதவு. போய் ஆணிய அடிக்கறோம்." அடுப்பிலிருந்த சாசேஜைத் திருப்பிப்போட எழுந்து போன ஆர்லோ திரும்பி வருவதற்குள் பிரபு செத்துப்போனார்.

அன்றைக்குத்தான் கொரின் அதைச் சொன்னார். "சாப்பாடு நல்லா இருக்கு லைல். காட்டேரிதான் சவசவன்னு இருக்கு. எனக்கு சனிக்கிழமையில வாலிபால் கூப்பிடறாங்க."

"நானும் மான் வேட்டைக்குக் குடில் சரி பண்ணனும்," என்றாராம் ஆர்லோ, மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு.

"அடுத்த வருஷம் ஒரு தடவ பாக்கலாம்," என்று கொரினே முடித்திருக்கிறார். "எங்களப் பயமுறுத்திக் காட்டு. இல்லேன்னா நல்லபடியா இதோட விட்டுரலாம்."

இதையெல்லாம் லைல் எனக்குச் சொன்னது பால் இறக்கும் இடத்தில்தான், துண்டு துண்டாக. சின்னக் குரலில் ஒருநாள் இதையும் சொன்னார்: "வருஷம் பூரா வண்டியில தனியாத்தான் போறேன் பேச்சி. பாத்தா கைய ஆட்டுவோம், பெட்ரோல் பங்க்ல நாலு வார்த்த பேசுவோம். அவ்வளவுதான். அந்த ரெண்டு பேரையும் நான் உக்காந்து பாக்கறது அக்டோபர்ல மட்டுந்தான்." சொல்லிவிட்டு ஃபிளாஸ்க் மூடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக, கதையைப் புதுப்பிக்க வேண்டும். கோடை முழுக்க அதே வேலை. எண்களை மாற்றுவது அவருக்குப் பிரச்சினையே இல்லை. பழைய புத்தகத்தில் கவசம் நல்லதாக ஆக ஆக எண் குறையும், புதியதில் கூடும். பாதை மாறிய சாலையில் வண்டி ஓட்டுகிற மாதிரி அதைச் செய்துவிடுவார். பயம்தான் பிரச்சினை.

"பழைய விதியில ஓத்மார் ஒரு கடி கடிச்சா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் ஒருநாள். "நீ வருஷக்கணக்கா ஆடிக் கத்துக்கிட்டதுல ஒரு படி காலி. திரும்பியே வராது. புதுப் புத்தகத்துல? ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிரும்."

"நல்லதுதானே?"

"அதுக்குப் பேரு கடியா? கொசுக்கடி."

ஒரு கடியில் என் மூன்றாம் ஆண்டுப் படிப்பு மட்டும் காணாமல் போவதாக நினைத்துப் பார்த்தேன். உயிரியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பால் ஏன் திரிகிறது என்பது மட்டும் இல்லை. அவர் சொல்வது புரிந்தது. கழுத்து போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"அப்போ பழைய விதியவே வெச்சுக்கங்களேன்."

"கொரின் எந்திரிச்சுப் போயிருவா. ஒரு தடவ கடிச்சதுக்கு மூணு வாரம் எங்கிட்ட பேசல. அப்போ அவளுக்குப் பதினேழு வயசு. இப்போ பல்லு புடுங்கற எடத்துல வேற இருக்கா."

ஆகஸ்டில் அவருக்கு வழி கிடைத்தது. கோட்டையையே தூக்கி எறிந்துவிட்டார். தெரிந்த கோட்டைக்குள் ஆட்களை அனுப்பினால்தானே வம்பு. இந்தமுறை ஆட்டக்காரர்கள் ஒரு கிராமத்துப் பண்ணைவீட்டில் தங்கியிருப்பார்கள், ஓத்மார் அவர்களைத் தேடி வருவார். ஆனால் காட்டேரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரர் உள்ளே வரச் சொல்லாமல் வாசல்படியைத் தாண்ட முடியாது.

"இவங்க நாப்பது வருஷம் தின்னு கொட்ட போட்டவங்க," என்றார் லைல். "காட்டேரிக் கதைன்னு தெரிஞ்சு உக்காரறவங்க எவனுக்கும் கதவத் தொறக்க மாட்டாங்க. அதனால ஓத்மார் எப்படி உள்ள வராரு, அதான் ஆட்டமே."

உள்ளே வருவதற்காக அவர் தயாரித்து வைத்த தந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நாடகம். தொலைந்துபோன குழந்தையின் அழுகை ஒன்று. பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் அங்கியைத் திருடிப் போட்டுக்கொண்டு வருவது இன்னொன்று. சூனியக்காரி, பொய்ச் சாவு, தீப்பற்றிய வைக்கோல் கொட்டகை என்று வரிசையாக நாலு சனிக்கிழமைகளுக்கு வைத்திருந்தார். நாலாவது சனிக்கிழமை ஓத்மார் உள்ளே வந்துவிடுவார், அன்றைக்கு எல்லோருக்கும் குலை நடுங்கும் என்பது திட்டம். குழந்தையின் அழுகையை லாரிக்குள் பழகிப் பார்த்தார். பின்னால் நின்ற இன்னொரு ஓட்டுநர் கீழே இறங்கி வந்து, "லைல், வண்டியில புள்ளைய வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் சமையலறை மேசையில் கூடினோம். ஆர்லோ சாசேஜ் கொண்டுவந்திருந்தார். கொரின், டூனா மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்ட கேசரோல் கொண்டுவந்திருந்தார். நான் ஆலையிலிருந்து புதுச் சீஸ் துண்டுகள், கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும் பதத்தில். என் பாத்திரம் ஓர் இளம் மந்திரவாதி.

"அவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டார் கொரின்.

"அவங்க குடும்பத்துலயே மொத மந்திரவாதி," என்றேன்.

"சொல்லிட்டே இருப்பானா?"

"கேட்டா சொல்லுவான்."

லைல் ரேடியோவை அணைத்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். மழை பெய்யும் கிராமத்தை வர்ணித்தார். வீட்டுக்காரக் கிழவி ஊருக்குப் போயிருப்பதால் இந்த மூன்று பேர்தான் இப்போதைக்கு வீட்டுக்குப் பொறுப்பு என்றார். அடுப்பில் கேசரோல் வேகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த ஊர்க்காரர் கற்பனை செய்யும் எந்தக் கிராமத்திலும் கேசரோல் வேகும்.

"கதவத் தட்டற சத்தம்," என்றார். "ஜன்னல் வழியாப் பாத்தா, வெளிய ஒல்லியா ஒரு ஆளு. தொப்பியில தண்ணி சொட்டுது. அவரு சொல்றாரு, 'மன்னிக்கவும். வழி தவறிவிட்டேன்.'"

இது முன்னோட்டம் மட்டுமே. ஓத்மார் முகத்தைக் காட்டிவிட்டுப் போவார், குழந்தை அழுகை அதற்கப்புறம் வரும். லைல் அடுத்த தாளைப் புரட்டக் கையை நீட்டினார்.

"அட, நனையாதீங்க, உள்ள வாங்க வாங்க," என்றார் ஆர்லோ. "பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம்."

ஆர்லோவின் கையில் சாசேஜ் அப்படியே நின்றது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. எதிரே காட்டேரி நிற்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மழையில் ஒருவர் நிற்கிறார், வீட்டுக்குள் நாம் இருக்கிறோம். இந்த ஷெபாய்கன் ஜில்லாவில் பிறந்த வாய் அது. மூளையைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

கொரின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆர்லோ. நாப்பது வருஷம்டா."

"நனைஞ்சிட்டு நிக்கறாருன்னு சொன்னானே."

"அவர் செத்து நானூறு வருஷம் ஆச்சு. ஜலதோஷமா புடிக்கப் போவுது?"

நான் லைலைப் பார்த்தேன். கோடை முழுக்க எழுதிய நாலு சனிக்கிழமைகள் அவர் முன்னால் அடுக்காக இருந்தன. குழந்தை, அங்கி, சூனியக்காரி, தீ எதற்கும் இப்போது வேலையில்லை. கொரின் ஜன்னல் வழியே தன் காரைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் புரூனா வாளை உருவுவார், பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார், ஓத்மார் போன வருடத்தைவிடச் சீக்கிரமாகச் சாவார். அதோடு சரி.

லைல் எழுந்து குளிர்பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அவரு உள்ள வராரு," என்றார். "தொப்பியக் கழட்டறாரு. 'மிகவும் நன்றி. என்ன அருமையான வாசனை' அப்படீங்கறாரு."

"நான் வாள எடுக்கறேன்," என்றார் கொரின்.

"எடு. அவரு கையில ஒண்ணும் இல்ல. தலைய லேசாக் குனிஞ்சு கேக்கறாரு, 'அம்மா, நான் ஏதும் தவறு செய்துவிட்டேனா?'"

கொரின் உருட்ட எடுத்த பகடையைக் கீழே வைத்தார். "இல்ல," என்றார். "தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணல."

"வெட்டறியா?"

"வீட்டுக்கு வந்தவர எப்படிடா வெட்டறது?" கொரினுக்குத் தன் மேலேயே கோபம் வந்துவிட்டது. "உக்காரச் சொல்றேன்."

"கேசரோல் வெக்கட்டுமா?" என்றார் ஆர்லோ.

ஓத்மார் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை, ஆனால் பாராட்டினார். யாரையும் கடிக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார், சாலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த புரூனாவின் கேடயத்தைப் பார்த்து, இந்தக் கீறல் எப்படி வந்தது என்று கேட்டார்.

கொரின் எச்சரிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அது பள்ளியின் கடைசி வருடத்தில் ஆடிய ஆட்டம். பாலத்தடியில் ஒரு பூதம், பகடையில் இருபது விழுந்தது, ஆர்லோ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். பாதிக் கதையில் கொரினே எழுந்து நின்று வெட்டைச் செய்து காட்டினார். ஆர்லோ சிரித்தார். லைலும் சிரித்தார். பிறகு, மேசையைத் தாண்டி ஒரு ரப்பரை மெதுவாகக் கொரின் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பாலம் புரூனாவுக்கு இனிமே ஞாபகம் இல்ல. அந்த வெட்டு எப்படின்னும் தெரியாது. ஓத்மாருக்கு இப்போ முகத்துல கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரியுது. அழிச்சிரு."

கொரின் தன் பாத்திரத்தாளைப் பார்த்தார். அந்த வெட்டு, அதற்குண்டான எண்ணோடு, எத்தனையோ விதிப்புத்தகங்களைத் தாண்டி வந்து அங்கே இருந்தது.

"இது புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்போ அழிக்க மாட்டேன்."

லைல் குரலை உயர்த்தவில்லை. "அழிக்க வேணாம். அவர வெளிய போகச் சொல்லு. போயிருவாரு. ஆனா 'வெளிய போங்க'ன்னு எழுத்துக்கு எழுத்து அதேதான் சொல்லணும்."

கொரின் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பல் ஆஸ்பத்திரியில் பெரிய மனிதர்களையெல்லாம் அதட்டுகிறவர். லைலை நேராகப் பார்த்தார். அங்கே லைல் இல்லை, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு பணிவாகச் சிரிக்கும் ஒரு விருந்தாளி இருந்தார்.

"மழ விட்டுருச்சு போலருக்கே," என்றார் கொரின்.

"ஆமாம் அம்மா, நல்ல காற்று வருகிறது," என்றார் ஓத்மார், நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "அதோடு, என்னை உள்ளே அழைத்தவர் பாதிரியார் அல்லவா. போகச் சொல்வதும் அவர் சொன்னால்தான் மரியாதை."

கொரின் ரப்பரை எடுத்தார். அழித்தார். அழித்த இடத்தை ஊதிவிட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை.

எல்லோரும் ஆர்லோ பக்கம் திரும்பினோம். ஆர்லோ தொண்டையைச் சரி செய்துகொண்டார். "உங்களுக்கும் ஆயிரம் வேல இருக்கும்..."

"எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஐயா."

"வீட்டுல தேடுவாங்க..."

"யாரும் இல்லை."

"அடப் பாவமே," என்றார் ஆர்லோ. அதோடு அந்த முயற்சி முடிந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் பாதிரியார் பென் தன் பிரார்த்தனைகளில் இரண்டை, அவற்றைக் கற்ற கதையைச் சொல்லிச் சொல்லி இழந்தார்.

நான் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். ஆனால் ஓத்மார் என் பக்கம் திரும்பி, "இளைஞரே, உங்களைப் பார்த்தால் நன்றாகப் படித்தவர் போலத் தெரிகிறது," என்றார். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. என் மந்திரவாதிக்குத் தெரிந்ததே ஒரு மந்திரம். அதைக் கற்க அவன் எத்தனை மைல் நடந்தான், குடும்பத்தில் யாருமே எழுத்தறியாத நிலையில் எப்படி முதலாவதாக வந்தான் என்று நான் சொல்லி முடித்தபோது, கொரின் கேட்காமலேயே ரப்பரை என்னிடம் நீட்டினார்.

அன்று கிளம்பும்போது நாங்கள் லைல் வீட்டு வாசலில் நின்று, போய்வருகிறோம் என்று சொல்லி, அப்புறம் கூரை வேலையைப் பற்றிப் பேசி, மறுபடி போய்வருகிறோம் என்று சொல்லி, கார் வரைக்கும் வந்து அங்கேயும் கொஞ்சம் பேசினோம். இங்கே எப்போதும் அப்படித்தான். ஆனால் கொரின் திடீரென்று நிறுத்திவிட்டார். "ஐயையோ, நாமளும் அதையேதான் பண்றோம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் சனிக்கிழமை ஓத்மார் சோபாவில் படுத்திருந்தார். கன்னத்தில் நல்ல நிறம் வந்திருந்தது. புரூனா இன்னும் இரண்டு போர்களை மறந்தார். கொரின் இப்போது எதையும் சொல்லக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஓத்மார் ஒரு கதையைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். "அது அப்படியில்ல," என்று திருத்தப் போய் அதையும் இழந்தார்.

அந்த வாரம் ஆர்லோ பயிற்சி எடுத்தார் என்று அவரே சொன்னார். கடைக்கு ஜன்னல் கண்ணாடி விற்க வந்த ஒருவரிடம் "வெளிய போங்க" என்று சொல்லிப் பார்ப்பதாகத் திட்டம். அந்த ஆளுக்குக் காபி கொடுத்து, அவர் மகளின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, ஒரு ஜன்னலுக்கு முன்பணமும் கொடுத்து அனுப்பினாராம்.

"ஆனா மனசுல சொல்லிட்டேன்," என்றார்.

மூன்றாம் சனிக்கிழமை அவர் சாசேஜைத் தொடவில்லை. நேராக உட்கார்ந்தார். பாதிரியார் பென்னிடம் ஒரே ஒரு பிரார்த்தனைதான் பாக்கி. காயம் ஆற்றுவது. அவர் பதினாலு வயதில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது. ஓத்மார் அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் அறிவோம். லைல், ஓத்மாராக, முன்னால் சாய்ந்து, "பாதிரியாரே..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா," என்றார் ஆர்லோ. நெற்றி வேர்த்திருந்தது. "நீங்க வெளிய போங்க."

லைல் எழுந்தார். உண்மையிலேயே எழுந்தார். இல்லாத தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "இத்தனை நாள் இடம் கொடுத்தீர்கள். உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். நன்றி." சமையலறையைக் கடந்து, பின்கதவு வரை மெதுவாக நடந்தார். தோள்கள் தளர்ந்திருந்தன. கைப்பிடியில் கையை வைத்தார்.

ஆர்லோவைப் பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை. நாயை அடித்துவிட்ட சிறுவனின் முகம்.

"கேசரோல் மிச்சம் இருக்கு," என்றார் ஆர்லோ. "கொஞ்சம் எடுத்துட்டுப் போங்களேன். பாத்திரத்த மெதுவா கொண்டாந்து குடுத்தாப் போதும்."

லைல் திரும்பினார். அந்தச் சின்னக் குரலில் அவ்வளவு இனிமையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "கட்டாயம் கொண்டுவந்து தருகிறேன், பாதிரியாரே."

கொரின் தலையை மேசையில் வைத்துவிட்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கையிலிருந்த விதிப்புத்தகத்தால் பார்க்காமலே ஆர்லோவை ஒன்று போட்டார். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பாத்திரத்தாளைக் கையிலெடுத்து, அழித்து அழித்து மெலிந்துபோன இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லைல், அடுத்த வாரம் மதியம் பன்னெண்டுக்கே உக்காரலாம்," என்றார். "இவன நம்பி இருக்க முடியாது. எம் பாலத்த நானேதான் திரும்ப வாங்கணும்."

"வாலிபால்?" என்றார் லைல்.

"வாலிபால் கெடக்குது."

திங்கட்கிழமை பால் மாதிரி எடுக்கப் போனபோது லைல் படியில் உட்கார்ந்திருந்தார். "பயந்தாங்கதானே?" என்றார்.

"நான் தூங்கல," என்றேன். அது உண்மை. எனக்கு அந்த ஒரு மந்திரம் போனது மனசு ஆறவில்லை.

தலையாட்டிக்கொண்டார். நாலு சனிக்கிழமைக்கு எழுதிய தாள்கள் லாரியின் கீழே எண்ணெய் சொட்டும் இடத்தில் விரித்துக் கிடந்தன.

குளிர்காலத்தில் மில்வாக்கியில் இந்தப் பகடையாட்டக்காரர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. லைல் புதுக் கதையை அங்கே கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். முதல் மேசையில் எல்லோரும் விஸ்கான்சின்காரர்கள். ஓத்மார் கதவைத் தட்டிய உடனேயே ஒருவர் உள்ளே அழைத்தார், இன்னொருவர் துண்டு கொண்டுவந்தார். ஆட்டம் சாயங்காலம் வரை போனது, ஒரு பெண் உண்மையாகவே அழுதார். இரண்டாவது மேசையில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கதவு தட்டப்பட்டது. அவர், "யாருய்யா நீ, போ," என்றார். அதோடு ஆட்டம் முடிந்தது. லைல் கதையின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: வெளி மாநிலத்தவர் இருந்தால் கோட்டையைப் பயன்படுத்தவும்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. லைல் டுஃபெக் இன்னமும் பால் லாரிதான் ஓட்டுகிறார். அக்டோபர் என்று இல்லாமல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் வீட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம். கொரின் பாலத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். ஆர்லோ இன்னும் கேசரோல் பாத்திரத்தை வாங்கவில்லை.